ஹாப்கினும் மறைத்துவைத்த பத்திரங்களும்

தாம்பரம் முதல் கிண்டி வரையிலுள்ள நம் நேயர்கள் கிங் இன்ஸ்டிட்யூட்டை நன்கறிவர். அது தோன்றிய 1899-ஆம் ஆண்டிலேயே பம்பாய்ப் பரேலில், பழைய கவர்னர் மாளிகையில், பிளேக் ஆராய்ச்சிசாலை குடிபுகுந்தது. அதன் தலைவர் வால்டெமார் ஹாப்கினின் சரித்திரம், அரசு நடத்துவோரும் பத்திரிகை நடத்துவோரும் ஒருங்கே அறியத்தக்கது.

அவர் 1860-ல் ருஷிய சாம்ராஜ்யத்தின் ஒடெஸ்ஸா நகரில் யூத குலத்தில் பிறந்தார். மதம் மாற இசையாமையால் அங்கே உயர்பதவி கிட்டவில்லை. பாரிஸ் சென்று பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். 1892-ல் வாந்திபேதிக்குத் தாம் கண்ட தடுப்பு மருந்தைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்தார். 1896-ல் பம்பாயில் பிளேக் மூண்டபோது சில மாதங்களுக்குள் அதற்கும் மருந்து கண்டு, 1897 ஜனவரி 10-ல் அதனையும் தம்மீதே சோதித்தார்.

1902 அக்டோபர் 30-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் தனுர்வாதம் கண்டு மாண்டனர். மற்றவர்க்குத் தீங்கில்லை. சர்க்கார் ஆராய்ச்சிசாலைமீதே பழி சுமத்தி ஹாப்கினைப் பதவியினின்று விலக்கிற்று. புட்டியைத் திறக்கையில் நிலத்தில் விழுந்த இடுக்கியை உதவியாளர் செவ்வையாகச் சுத்தி செய்யாமலே உபயோகித்தார் என்ற சாட்சியம் இருந்தது. ஆயினும் விசாரணைப் பத்திரங்கள் 1906 இறுதிவரை பிரசுரமாகவில்லை.

அவை வெளிவந்த பின்னரே ரொனால்டு ராஸ் முதலிய விஞ்ஞானிகள் அவற்றை ஆராய்ந்து, 1907-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் எழுதி வாதாட முடிந்தது. பழி நீங்கிற்று. ஆனால் இந்தியா திரும்பிய ஹாப்கினுக்குப் பரேல் தலைமை மீளவில்லை. கல்கத்தாவில் பணியாற்றி 1914-ல் ஓய்வு பெற்றார். 1925-ல் பரேல் நிலையத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது. 1930-ல் ஸ்விட்ஜர்லாந்தின் லோஸான் நகரில் காலமானார்.

நஷ்டம் அவருக்கு மட்டுமன்று. பத்தொன்பது பேர் ஏன் மாண்டனர் என்று அறிய உரிமை பெற்ற ஜனங்களும் நான்காண்டு இருளில் வைக்கப்பட்டனர். உண்மை மறைந்திருக்குமிடத்தில் வதந்தியே குருவாகிறது.

அப்பிளேக் காலத்தில், 1897-ல், இயற்றிய தொற்றுநோய்ச் சட்டம் சுதந்திர இந்தியாவிலும் நீடித்தது. 2020-ல் கொரோனா பரவியபோது, சுகாதார இலாகாவின் முன் அனுமதியின்றி அந்நோய் பற்றிய தகவலை எவரும் பத்திரிகை வாயிலாகப் பரப்பலாகாதென அச்சட்டத்தின்கீழ் தில்லி அரசு விதித்தது. வதந்தியைத் தடுப்பதே நோக்கமென்றனர். பொய் பரப்புவோரைத் தண்டிக்கட்டும். மெய்யை வெளியிடவும் அனுமதி கேட்கச் செய்வது முறையன்று. தடுப்பூசியால் தீங்கு நேரின், விவரம் முழுவதையும் உடனே பிரசுரிப்பதே ஜனங்களின் நம்பிக்கையைக் காக்கும் வழி என்பது நமது திடமான அபிப்பிராயம்.