கருப்பட்டிக்குக் கணக்குப் போட்ட ஆடிட்டர்: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

ஆர்கானிக் கடையில் கைக்குத்தல் அரிசி, கருப்பட்டி விலையைப் பார்த்திருப்பீங்க. சூழலுக்கு உகந்த வாழ்க்கைன்னாலே காசு உள்ளவங்க சமாச்சாரம்னு தோணியிருக்கும். ஆனா இதே இரண்டு பொருளுக்காகவும் கிராமத்து ஏழைகள் பக்கம் நின்று வாதாடிய ஒரு பொருளாதார நிபுணர் இருந்தார்.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்த அவரது இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராக இருந்தார். பிறகு அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரிட்டிஷ் அரசின் நிதிக் கொள்கைக்கும் இந்திய வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929-ல் அந்த ஆய்வோடு காந்தியைச் சந்தித்தார். காந்தியோ, குஜராத்தின் மாதர் தாலுகாவில் சர்வே எடுக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார். குஜராத் வித்யாபீட மாணவர்களோடு 50-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் போய் வருமானம், கடன், நிலம் என எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். (டேட்டா வேலை பார்க்கிற எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.) பம்பாய்த் தொழிலுக்கு அவர் திரும்பவில்லை.

1934-ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. வார்தாவில் அதை நடத்தியவர் குமரப்பா. அங்கே தாவர எண்ணெயில் எரியும் ஒரு விளக்கை உருவாக்கினார்கள். மண்ணெண்ணெய்தான் இருக்கே, அப்புறம் ஏன்? மண்ணெண்ணெய் எடுக்க எடுக்கத் தீரும், அதற்குக் கொடுக்கிற காசும் ஊரைவிட்டுப் போய்விடும். எள்ளோ கடலையோ அடுத்த பருவத்தில் மறுபடி விளையும். செக்கு ஆட்டுபவருக்குக் கூலி ஊரிலேயே கிடைக்கும்.

கருப்பட்டிக் கணக்கும் இப்படித்தான். கரும்புக்கு நல்ல நிலமும் தண்ணீரும் வேணும், பனை தரிசிலேயே நிற்கும். இனிப்பைப் பனையிலிருந்து எடுத்தால் கரும்பு நிலத்தில் உணவுப் பயிர் போடலாம், பனையேறிக்கும் பிழைப்பு. ஆலை அரிசியில் போவது தவிடு மட்டுமல்ல, குத்துகிற பெண்களின் கூலியும்தான்.

ஆலைப் பொருள் மலிவாச்சேன்னு கேட்டவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். மூலப்பொருளுக்காக நடக்கும் போரும், கடல்வழியைக் காக்கும் கப்பற்படைச் செலவும் அந்த விலையில் சேர்வதில்லை. இன்றைய பொருளாதார வகுப்பில் புறவிளைவுன்னு சொல்லித்தர்ற விஷயம் இது.

வெள்ளையனே வெளியேறு காலத்தில் ஜபல்பூர் சிறையில் இருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதினார். அது 1945-ல் நூலாக வந்தது. விடுதலைக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஆனா நாடு பெரிய தொழிற்சாலைகள் பக்கம் போனது. ரசாயன உரத்தையும் டிராக்டரையும் கேள்வி கேட்ட குமரப்பா ஓரங்கட்டப்பட்டார். கடைசி ஆண்டுகளில் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கியிருந்தார். 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளிலேயே காலமானார்.