செப்புக் குழிக்குள் ஓர் அலை

உம்மும்மாவுக்கு மகரகமையில் கதிர்ச்சிகிச்சை நடந்த நாட்களில், தடித்த கதவுக்கு வெளியே உம்மாவும் நானும் காத்திருப்போம். உள்ளே இருந்த இயந்திரத்தை எல்லோரும் லினாக் என்றார்கள். அது இலத்திரன்களை விரட்டும் நேர்கோட்டு ஆர்முடுக்கி என்றும், அதன் உயிர்நாடி ஒரு செப்புக் குழாய் என்றும் எங்கள் பௌதிகவியல் ஆசிரியை விளக்கினார். அந்தச் செம்பைப் பற்றித் தேடியபோதுதான் வில்லியம் ஹான்சனை அறிந்தேன்.

1909இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோவில் பிறந்த ஹான்சன், பதினாறு வயதிலேயே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் புகுந்தார். (நான் அந்த வயதில் சாதாரண தரத்துக்கே பயந்துகொண்டிருந்தேன்.) பின்னர் அங்கேயே விரிவுரையாளரானார். வலுவான எக்ஸ் கதிர்களைப் பெற இலத்திரன்களைப் பெரும் வேகத்தில் செலுத்த வேண்டும். அதற்கான உயர் அழுத்த இயந்திரங்களோ விலை கூடியவை.

அவர் மலிவான வழியொன்றைத் தேடினார். வெற்றுப் போத்தலின் வாயில் ஊதினால் ஒரே ஓர் ஒலிதான் பெரிதாக எழும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் அந்த ஒலி மாறிவிடும். அதுபோலவே, மூடிய செப்புக் குழிக்குள் வானொலி அலையைச் செலுத்தினால், குழியின் அளவுக்குப் பொருந்தும் மீடிறனில் மட்டும் அலை மோதி மோதி வலுப்பெறும். ரும்பா நடனத்தை நினைத்து அந்தக் குழிக்கு ரும்பாட்ரோன் என்று பெயர் வந்தது. வேரியன் சகோதரர்கள் 1937இல் இதைக்கொண்டு கிளைஸ்திரனை உருவாக்கினார்கள். பொருட்களுக்காகப் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கொடுத்தது வெறும் 100 டொலர்!

போர் முடிந்ததும் ஹான்சன் தன் பழைய கனவுக்குத் திரும்பினார். நடுவில் துளையுள்ள செப்புத் தட்டுகளை ஒரு குழாய்க்குள் வரிசையாகப் பொருத்தினால், இரண்டு தட்டுகளுக்கு இடையே ஒவ்வொரு குழி. எல்லாக் குழிகளும் ஒரே மீடிறனுக்கு இசைய வேண்டும். ஒன்று பிசகினாலும் அலை ஒரு பக்கம், இலத்திரன் ஒரு பக்கம். வெப்பநிலை ஒரு பாகை கூடினாலே செம்பு விரிந்து மீடிறன் மாறும். அதனால்தான் இன்றும் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டு வெப்பத்தைச் சீராக வைத்திருக்கிறார்கள். 1947இல், 3.6 மீற்றர் நீளமேயான அவரது முதல் இயந்திரம் இலத்திரன்களுக்கு 60 இலட்சம் இலத்திரன்வோல்ற்றுச் சக்தியைக் கொடுத்தது.

நுரையீரல் நோய் அவரை விடவில்லை. 1949 மே 23இல், இன்னும் பெரிய இயந்திரமொன்றின் வேலை பாதியில் நிற்க, 39 வயதில் காலமானார்.

1956இல் ஸ்டான்போர்ட் மருத்துவர்கள் இத்தகைய இயந்திரத்தின் கதிரால், கண்ணில் புற்றுநோய் வந்த இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்குச் சிகிச்சை அளித்தார்கள். ஒரு கண் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது. மற்றக் கண் பிழைத்தது.

உம்மும்மாவின் முறை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கதவு திறந்ததும் அவர் கேட்பது, ளுஹருக்கு நேரமாகிவிட்டதா என்றுதான்.