பத்து ரூபாயில் பிறந்த பத்திரிகை

கையில் பணம் சேரட்டும், நாலு பேர் துணைக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று நாம் தள்ளிப்போடும் காரியங்கள் எத்தனை! அப்படிச் சொல்ல இரட்டைமலை சீனிவாசனுக்கு நம்மைவிட அதிகக் காரணம் இருந்தது.

செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்த அவர், கோயம்புத்தூரில் படித்தார். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே இருந்தே வாசிப்பார். வகுப்பு கலைந்ததும் மற்ற மாணவர்கள் எட்டிப்பிடிக்காதபடி விறுவிறுவென வீட்டுக்கு நடந்துவிடுவார். விளையாட்டுக்கும் சேரமாட்டார்.

அவரேதான் 1893இல் சென்னையில் பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தப் பெயரை மறைத்து நடந்தாரோ, அதையே முகப்பில் அச்சடித்தார். சொந்த அச்சகம் கிடையாது. நாலே பக்கம். விளம்பரம், அச்சு எல்லாம் சேர்த்து முதல் செலவு 10 ரூபாய். சென்னையில் மட்டும் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றன. மூன்று மாதத்தில் வார இதழாயிற்று.

1923இல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். பொதுச்சாலை, பொதுக்கிணறு யாவும் எல்லோருக்கும் உரியவை என்று மறு ஆண்டே தீர்மானம் நிறைவேறச் செய்தார். தெருவில் நடக்கவும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது! அது நிறைவேறி நூறாண்டு கடந்துவிட்டது. இன்னும் அதற்குக் கட்டுப்படாத தெரு எது, கிணறு எது என்பது நம் ஊரில் நமக்கே தெரியும்.