அடோல்ஃப் ஃபிக்

அடோல்ஃப் ஃபிக் (செப்டம்பர் 3, 1829 – ஆகஸ்ட் 21, 1901) ஒரு ஜெர்மானிய மருத்துவரும் உடலியங்கியலாளரும் ஆவார். ஒரு பொருள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்திற்குத் தானாகப் பரவுவது விரவல் எனப்படும். அதன் வேகத்தைக் கூறும் விதிகளை இவர் 1855 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மார்பகக் கட்டிகளை ஆராயப் பயன்படும் ஒருவகை எம்.ஆர்.ஐ. படமெடுப்பு, இவ்விதிகளில் இடம்பெறும் விரவல் கெழுவை அடிப்படையாகக் கொண்டது.

வாழ்க்கை

ஃபிக் ஜெர்மனியின் காசல் நகரில் பிறந்தார். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயிலத் தொடங்கிய இவர், பின்னர் மருத்துவத்திற்கு மாறி 1851 இல் பட்டம் பெற்றார். அடுத்து சூரிச் நகரில் கார்ல் லுட்விக் என்னும் உடலியங்கியலாளரிடம் பணிபுரிந்தார். 1868 முதல் 1899 வரை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ரோண்ட்ஜென் 1895 இல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான். தொடக்ககாலத் தொடுவில்லையை உருவாக்கிய கண் மருத்துவர் அடோல்ஃப் ஓய்கென் ஃபிக், இவருடைய அண்ணன் மகன் ஆவார். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதுவதுண்டு.

விரவல் விதி

தாமஸ் கிரஹாம் முன்னரே விரவலை அளந்திருந்தார்; ஆனால் அதற்குப் பொதுவான கணித விதி இல்லை. வெப்பம் கடத்தப்படுவதற்கு ஃபூரியே தந்த சமன்பாடு உப்பு பரவுவதற்கும் பொருந்தும் என ஃபிக் கருதினார். அடியில் உப்பும் மேலே தூய நீரும் இருக்குமாறு குழாய்களை அமைத்து, வெவ்வேறு உயரங்களில் செறிவை அளந்தார். உருளைக் குழாயில் உயரத்திற்கேற்பச் செறிவு சீராகக் குறைந்தது. இவ்விதியை வெளியிட்டபோது இவருக்கு வயது 25.

பிற ஆய்வுகள்

1865 இல் வேதியியலாளர் விஸ்லிசேனஸுடன் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறினார். புரத உணவைத் தவிர்த்து, சிறுநீரில் வெளியேறிய நைட்ரஜனை இருவரும் அளந்தனர். தசையின் உழைப்புக்குப் புரதம் மட்டும் ஆற்றல் தரவில்லை என்பது தெளிவாயிற்று. 1870 இல், உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனையும், தமனி, சிரைக் குருதிகளின் ஆக்சிஜன் வேறுபாட்டையும் கொண்டு இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைக் கணக்கிடலாம் என்றார். இதயத்திற்குள் குழாய் செலுத்தும் முறை 20 ஆம் நூற்றாண்டில் வந்த பின்னரே இதனை மனிதரிடம் நேரடியாக அளக்க முடிந்தது.

மார்பகப் படமெடுப்பில்

செறிவு வேறுபாடு இல்லாதபோதும் நீர் மூலக்கூறுகள் ஓயாது அலைகின்றன. இந்த அலைவும் ஃபிக்கின் கெழுவும் தொடர்புடையவை என்பதை ஐன்ஸ்டைன் 1905 இல் விளக்கினார். 1980களில் எம்.ஆர்.ஐ. கருவியால் உடலுக்குள் இதனைப் படமாக்க முடிந்தது. மார்பகப் புற்றுக்கட்டியில் உயிரணுக்கள் நெருங்கியிருப்பதால் நீரின் அலைவு தடைபடுகிறது. எனவே கெழு பெரும்பாலும் குறைவாக இருக்கும். இதற்கு ஊசிவழி மருந்து தேவையில்லை. எனினும் சில தீங்கற்ற கட்டிகளில் கெழு குறைந்தும், சளி போன்ற பொருள் நிறைந்த புற்றுக்கட்டிகளில் உயர்ந்தும் காணப்படும். ஆகவே இது திசுப் பரிசோதனைக்கு மாற்றாகாது.