ஸர் ஆல்பர்ட் ஹோவர்ட்

நிலத்தினின்று பெற்றதை நிலத்திற்கே திருப்பியளித்தல் உழவர் கடன்களுள் தலையாயதாகும். இப்பழைய கடனைச் சாஸ்திர முறையில் ஆராய்ந்து, சிறு தோட்டமுடையாரும் கைக்கொள்ளத்தக்க வழியொன்றை வகுத்தவருள் முன்னிற்பவர் ஸர் ஆல்பர்ட் ஹோவர்ட். அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அவர் 1873-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ஷ்ராப்ஷயரில் உழவர் குடும்பமொன்றிற் பிறந்தார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் கல்வி கற்றுத் தேறி, 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளிற் பயிர்நோய்களை ஆராயும் உத்தியோகத்தில் அமர்ந்தார். ஆங்கு ஒரு குறை அவர் மனத்தை உறுத்திற்று. நோய்க்குப் பரிகாரம் கூறக் கடமைப்பட்ட தமக்கு, அதனைச் சோதித்தறியச் சொந்தமாக ஒரு வயலும் இல்லையே என்பதுதான் அது.

1905-இல் பீஹாரிலுள்ள பூஸா ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தபின் அக்குறை நீங்கிற்று. அயலிலிருந்த குடியானவர்கள் மருந்தொன்றும் தெளியாமலே நோயற்ற பயிர் விளைப்பதைக் கண்டு வியந்தார். பட்டம் பல பெற்ற அவர், எழுத்தறியா அவ்வுழவரையே தம் ஆசிரியராகக் கொண்டார். இஃதன்றோ கற்றார்க்கு அணி! அவர் மனைவியாராகிய காப்ரியேல் அம்மையாரும் சிறந்த தாவர நூற்புலமை வாய்ந்தவர். இருவரும் கூடிப் புதிய கோதுமை வகைகளை உண்டாக்கினர்.

ஆயினும், ஒரே பயிரைப் பல நிபுணர்கள் துண்டு துண்டாக ஆராயும் வழக்கம் ஹோவர்டுக்கு உவப்பாயில்லை. ஆதலின் 1924-இல் இந்தூரில் தாவரத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி நடத்தலானார். கம்போஸ்டு எரு செய்யும் இந்தூர் முறை அங்குப் பிறந்ததே. வாட் என்னும் இந்திய அறிஞர் அதில் அவருக்கு உறுதுணையாயிருந்தார்.

முறை எளியதே. சருகு, களை, வைக்கோல் முதலியவற்றை 6 அங்குல கனத்திற்குப் பரப்பி, அதன்மேல் 2 அங்குலம் சாணமிட்டு, சிறிது மண்ணும் சாம்பலும் தூவி நீர் தெளித்தல் வேண்டும். இவ்வாறே அடுக்கடுக்காகக் குவியலை உயர்த்தல் வேண்டும். சருகின் கரிச்சத்தும் சாணத்தின் நைட்ரஜனும் தக்கவாறு கலந்தவிடத்து நுண்ணுயிர்கள் பெருகும். குவியலில் வெப்பம் எழும். களை விதைகள் பெரும்பாலும் மாயும். காற்றுப் புகாவிடின் நாற்றமே மிஞ்சும். ஆதலின் இடையிடையே மும்முறை கிளறுதல் இன்றியமையாதது. சுமார் மூன்று மாதத்தில் மண்மணம் கமழும் எரு கிடைக்கும்.

1930-இல் காப்ரியேல் அம்மையார் காலமானார். அத்துயரிடையேயும் ஹோவர்ட் தம் பணியைக் கைவிடவில்லை. மறு ஆண்டே வாட் என்பாருடன் சேர்ந்தெழுதிய நூலால் இம்முறையை உலகறியச் செய்தார். 1934-இல் ஸர் பட்டம் பெற்றார். செயற்கை உரங்களை அவர் அறவே கடிந்தது மிகையென அறிஞர் பலர் மறுத்தனர். அம்மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மக்கிய சத்துக் குன்றிய மண் வளங்குன்றும் என்ற அவர் கொள்கை நிலைபெற்றுவிட்டது. 1947-இல் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் தெருவில் எறியும் காய்கறித் தோலும், எரித்துப் புகையாக்கும் சருகும் நம் தோட்டத்திற்குரிய செல்வமேயாம். புழைக்கடையில் ஒரு மூலையும், கிளறுதற்கு ஒரு மண்வெட்டியும், சிறிது பொறுமையுமிருப்பின் போதும். கல்வியைக் கையுழைப்போடு இணைத்த இப்பெரியாரை நினைவுகூர்தற்கு இதனினும் ஏற்ற வழி நாமறியோம்.