டேனியல் பூன்

டேனியல் பூன் (நவம்பர் 2, 1734 - செப்டம்பர் 26, 1820) அமெரிக்கக் குடியேற்றக்கால வேட்டைக்காரரும் முன்னோடிக் குடியேறியும் ஆவார். அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே, இன்றைய கென்டக்கி மாநிலத்தில் வெள்ளையர் குடியேற வழியமைத்தவர்களுள் முதன்மையானவராக அறியப்படுகிறார்.

இளமையும் குடும்பமும்

பூன் பென்சில்வேனியாவில் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். பின்னர் இக்குடும்பம் வட கரொலைனாவில் குடியேறியது. 1756 இல் ரெபேக்கா பிரையனை மணந்தார். இவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள். தோலுக்காக மான் வேட்டையாடப் பூன் மாதக்கணக்கில் காட்டில் தங்கியபோது ரெபேக்காவே குடும்பத்தையும் நிலத்தையும் பராமரித்தார்.

கென்டக்கிக் குடியேற்றம்

கென்டக்கி, ஷானி, செரோக்கி முதலிய பழங்குடியினரின் வேட்டை நிலமாக இருந்தது. அவர்களுள் பலர் குடியேற்றத்தை எதிர்த்தனர். 1773 இல் பூன் மேற்கொண்ட முதல் முயற்சியில் மூத்த மகன் ஜேம்ஸ் கொல்லப்பட்டார். 1775 இல் கம்பர்லாந்துக் கணவாய் வழியே பாதை வெட்டி, பூன்ஸ்பரோ என்னும் அரணூரை நிறுவினார். 1776 இல் கடத்தப்பட்ட மகள் ஜெமைமாவைத் தேடிச் சென்று மீட்டார். 1778 இல் ஷானியரிடம் சிறைப்பட்ட இவரை அவர்களின் தலைவர் பிளாக்ஃபிஷ் மகனாகத் தத்தெடுத்தார். எனினும் பூன்ஸ்பரோ தாக்கப்படவிருப்பதை அறிந்து தப்பி, ஏறத்தாழ 160 மைல் தொலைவை நான்கு நாட்களில் கடந்து ஊராரை எச்சரித்தார். 1782 இல் புளூ லிக்ஸ் போரில் மற்றொரு மகன் இஸ்ரயேல் இறந்தார்.

இறுதிக்காலம்

நில உரிமைகளை முறையாகப் பதியாததால் கென்டக்கி நிலங்களைப் பூன் இழந்தார். 1799 இல் ஸ்பானியர் ஆட்சியிலிருந்த மிசூரிக்குக் குடிபெயர்ந்தார். 1803 இல் அப்பகுதியை அமெரிக்கா வாங்கியபின் அங்கு பெற்ற நிலமும் கைவிட்டுப் போயிற்று. 1814 இல் அமெரிக்கக் காங்கிரசு அதில் ஒரு பகுதியைத் திருப்பியளித்தது. அதையும் கடன் தீர்க்க விற்றார். ரெபேக்கா 1813 இல் காலமானார். எண்ணற்றோர் நிலம் பெற வழி திறந்த பூன், 1820 இல் மகன் நேதனின் வீட்டில் காலமானார்.