வனிலாவைக் காய்க்க வைத்த சிறுவன்

நத்தாருக்கும் புத்தாண்டிற்கும் கேக்குச் செய்யாத வீடு மட்டக்களப்பு நகரிலே குறைவு. மாவும் முட்டையும் சீனியும் சேர்ந்த பின்னர், சிறு குப்பியிலிருந்து சில துளி வனிலாவை விடுவர். வீடு முழுவதும் மணக்கும். அக்குப்பியில் இருப்பது பெரும்பாலும் மெய்யான வனிலா அன்று. 1874ஆம் ஆண்டில் ஜேர்மானிய இரசாயன அறிஞர் இருவர் அம்மணப்பொருளைச் செயற்கையாய் ஆக்கும் வழியைக் கண்டனர். அதுமுதல் ஆலைகள் அதனை ஆக்கி வருகின்றன. மெய்யான வனிலா ஒரு கொடியின் காய். நம் வீட்டு விறாந்தைகளிலே பொச்சு மட்டையிற் கட்டித் தொங்கவிடும் ஓர்க்கிட் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அக்கொடி.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்டியிலிருந்து நண்பர் ஒருவர் கொணர்ந்து தந்த இரண்டு முழத் தண்டு ஒன்றை, வாவிக்கரையிலுள்ள எம் வீட்டின் கிணற்றடியிலே, சீமைக்கிளுவை மரத்தோடு அணைத்து நட்டோம். மலைநாட்டு ஈரத்தில் வளரும் கொடிக்கு நம்மூர் ஏற்ற இடமன்று. ஆடி மாதத்துக் கச்சான் காற்று அதன் தடித்த இலைகளையும் சுருங்கச் செய்துவிடும். காற்றை மறைக்கக் கிடுகு கட்டினோம். வேரடியில் உக்கிய சருகை இட்டோம். காலையும் மாலையும் நீர் தெளித்தோம். கொடி மேலே ஏறிக்கொண்டே போகும் இயல்புடையது. கைக்கு எட்டும் உயரத்திலே அதனை வளைத்துக் கீழே விடுதல் வேண்டும். அவ்வாறு வளைத்தாற்றான் அது பூக்கவும் முற்படும். மூன்றாம் ஆண்டில் ஒரு கொத்து அரும்பியது. விடியலில் மங்கிய பசுமஞ்சள் நிறத்தில் ஒரு பூ விரிந்தது, நண்பகல் கழியுமுன் வாடிற்று, மறுநாள் உதிர்ந்தது. அடுத்த பூவும் அவ்வாறே. பதினைந்து பூக்களும் உதிர்ந்தன. காய் ஒன்றுதானும் இல்லை.

ஏன் என்று ஆராயப் புகுந்த இடத்திலேதான் எட்மண்ட் அல்பியுஸ் என்பாருடைய வரலாறு எமக்குக் கிட்டியது.

ஓர்க்கிட் பூக்கள் பூச்சிகளைக் கூர்ந்து தெரிந்தெடுப்பவை. மடகாசுக்கர் தீவுக்குரிய ஓர் ஓர்க்கிட்டின் பூவிலே தேன் இருக்கும் குழல் ஏறக்குறைய ஓரடி நீளமுடையது. அதனைக் கண்ட சார்ள்ஸ் டார்வின், அத்துணை நீண்ட நாவுடைய அந்துப்பூச்சி ஒன்று அத்தீவில் இருந்தே தீரும் என்று 1862இல் எழுதினார். அவர் மறைந்து இருபதாண்டு கடந்தபின், 1903இல், அப்பூச்சி அறிஞரால் விவரிக்கப்பட்டது. பூட்டும் திறவுகோலும் போன்ற உறவு அது. வனிலாப் பூவிலோ மகரந்தத்துக்கும் சூலகத்தின் குறிக்கும் இடையே ஒரு சிறு நாக்குப்போன்ற சவ்வு தடுப்பாக நிற்கின்றது. கொடியின் தாயகம் மெக்சிக்கோ. அந்நாட்டுத் தேனீக்கள் அத்தடுப்பைக் கடக்க அறிந்தவை. ஸ்பானியர் கொடியை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றபோது தேனீ உடன் செல்லவில்லை. ஆகவே மூன்று நூற்றாண்டு காலம் கொடி பிறநாடுகளிலே பூத்ததேயன்றிக் காய்க்கவில்லை. பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரில் சாள் மொரன் என்னும் தாவரவியற் பேராசிரியர் 1836இல் கண்ணாடி வீட்டினுள் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் பெற்றார். அது அறிஞரவையிலே பேசப்பட்டதேயன்றித் தோட்டக்காரர் கைக்கு வந்து சேரவில்லை.

இனி, இந்து சமுத்திரத்தின் தென்மேற்கே, மடகாசுக்கருக்குக் கிழக்கேயுள்ள சிறிய தீவொன்றுக்குச் செல்வோம். இன்று ரியூனியன் எனப்படும் அத்தீவு அக்காலத்திலே, பிரெஞ்சு அரச குலத்தின் பெயரால், பூர்போன் எனப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்தும் மடகாசுக்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பாலே அங்குக் கோப்பியும் கரும்பும் விளைந்தன. தீவின் வடகீழ்க் கரையிலுள்ள சந்த் சூசான் என்னும் ஊரில் 1829ஆம் ஆண்டு எட்மண்ட் பிறந்தான். தாய் மெலிஸ் அவனைப் பெற்றபோதே இறந்தாள். தந்தை பம்பீல் என்பான் ஓர் அடிமை; மகன் அவனை அறியான். குடிப்பெயர் கிடையாது, அடிமைக்கு அது வழங்கப்படுவதில்லை. குழந்தையின் உடைமைக்காரியான பெண்மணி, அவனைத் தன் தமையனாராகிய பெரயோல் பெலியே போமோன் என்பாரிடம் கொடுத்தாள்.

பெலியே போமோன் மனைவியை இழந்தவர். செடி கொடிகளிலே பித்துக் கொண்டவர். காலையில் தோட்டத்தைச் சுற்றி வரும்போது சிறுவனும் அவர் பின்னே செல்வான். மரங்களின் பெயர்களைத் தாவரநூலார் வழங்கும் இலத்தீன் மொழியிலேயே அவன் சொல்லப் பழகினான். எழுத்து மட்டும் அவனுக்குக் கற்பிக்கப்படவில்லை. ஒருநாள் பூசணி இனக்கொடி ஒன்றில் ஆண்பூவையும் பெண்பூவையும் இணைத்துக் காய் கொள்ளச் செய்யும் முறையை அவர் காட்டினார். படுவான்கரையில் பூசணி பயிரிடுவோர்க்கு அது புதுமையன்று. ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவிலே தடவுவதை யாமும் கண்டிருக்கின்றோம். அந்தச் சிறுவன் அதனை மனத்தில் வாங்கிக் கொண்டான்.

பூர்போனுக்கு வனிலாக்கொடி முதன்முதலாக 1819இலும், பின்னர் 1822இலும் கப்பல் வழியாக வந்தது. வந்தவற்றுள் பல பட்டுப்போயின. பெலியே போமோனுடைய தோட்டத்தில் ஒரே ஒரு கொடி ஏறக்குறைய இருபது ஆண்டாக நின்றது. ஒரு காயும் தந்திலது. 1841ஆம் ஆண்டில் ஒருநாள், சிறுவனுடன் நடந்து வந்தவர் அக்கொடியிலே பச்சைக் காய் இரண்டு தொங்குவதைக் கண்டு திகைத்து நின்றார். அவற்றைத் தானே உண்டாக்கியதாக எட்மண்ட் கூறினான். அவர் நம்பவில்லை. சில நாட்களின் பின் இன்னொரு பூவும் காய்த்தது. பின்னரே, செய்து காட்டு என்றார். அவன் செய்து காட்டினான். அப்பொழுது அவனுக்கு வயது பன்னிரண்டு.

அவன் செய்தது இது: பூவை ஒரு கையிலே தாங்கி, இதழ்க்குழாயைக் கீறி விரித்து, மெல்லிய மூங்கிற் சிராயின் நுனியால் அந்தச் சவ்வை மேலே உயர்த்தி, மகரந்தத்தைப் பெருவிரலால் குறியின்மேல் அழுத்திவிட்டான். முழுவேலையும் ஒரு நொடிப்பொழுது. இதனினும் எளிய வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. மடகாசுக்கரிலும் இந்தோனேசியாவிலும் நம் கண்டி மாவட்டத்திலும் வனிலாப் பயிரிடுவோர் யாவரும் அதையே செய்கின்றனர். கைதேர்ந்த ஒருவர் ஒரு காலைப்பொழுதில் ஆயிரம் பூக்களுக்குமேல் முடிப்பர். மூங்கிற் சிராய்க்குப் பதிலாகத் தென்னீர்க்கு எடுத்து, மறு ஆண்டு யாமும் முயன்றோம். முதல் நான்கு பூக்களைக் கிழித்துவிட்டோம். ஐந்தாவது, ஆறாவது பூக்கள் உதிராமல் நின்றன. அந்த இரண்டும் முதிர ஒன்பது மாதம் சென்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, காட்டுவார் எவருமின்றி, பூவினுள்ளே இருப்பதைத் தானே நோக்கி உணர்ந்தான் என்பதை எண்ணி வியந்தோம்.

பெலியே போமோன் இதனை மறைத்து வைத்துக்கொண்டிலர். அயல் தோட்டக்காரரை அழைத்தார். எட்மண்டை ஊர் ஊராக அனுப்பினார். அடிமைச் சிறுவன் மற்றை அடிமைகளுக்கு ஆசிரியனாகி, தோட்டந்தோறும் சென்று பூவைத் திறந்து காட்டினான். 1848இல் தீவிலிருந்து ஏற்றுமதியான வனிலா 50 கிலோகிராம். 1858இல் அது 2 தொன் ஆயிற்று. 1867இல் 20 தொன். 1898இல் 200 தொன். தாயகமாகிய மெக்சிக்கோவை அச்சிறு தீவு விஞ்சியது. காயை வெந்நீரில் அமிழ்த்தி, கம்பளியிற் பொதிந்து வியர்க்கவிட்டு, வெயிலிலும் நிழலிலும் மாதக்கணக்கில் உலர்த்திப் பதப்படுத்தும் முறையும் அத்தீவிலேயே 1850களில் செம்மையுற்றது. தோட்டக்காரர் செல்வந்தராயினர்.

1848ஆம் ஆண்டு டிசெம்பர் 20ஆம் நாள் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. அறுபதினாயிரம் பேரளவில் விடுதலை பெற்றனர். எட்மண்டும் அவ்வாண்டிலேயே விடுதலையுற்று, அல்பியுஸ் என்னும் குடிப்பெயரும் பெற்றார். வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாக அப்பெயர் பிறந்தது என்பர். கருநிறத்து மனிதருக்கு அப்பெயரைச் சூட்டியோர் பூவை நினைந்து சூட்டினரோ, எள்ளற் குறிப்பாற் சூட்டினரோ, அறியோம். இதுவரை ‘அவன்’ என்றே எழுதி வந்தோம். பிறர் உடைமையாய் இருந்த காலத்தில் அவரை ‘அவர்’ என்று அழைத்தார் எவருமிலர்.

விடுதலையோடு நிலமோ பொருளோ அவருக்கு வந்து சேரவில்லை. தலைநகராகிய சன் தெனிக்குச் சென்று, படை அலுவலர் ஒருவர் வீட்டிலே சமையற்கூடத்து ஏவலாளாக அமர்ந்தார். அங்கே நகைத் திருட்டு வழக்கு ஒன்றில் அகப்பட்டுக் கடுங்காவற் றண்டனைக்கு உள்ளானார். குற்றமில்லாதவர் என்று வாதிடுவது எம் நோக்கமன்று. அவரால் ஒரு தீவே செழித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலே அவர் விலங்கோடு வேலை செய்தார் என்பதே யாம் சொல்வது. சந்த் சூசான் ஊர் நீதவானும் பெலியே போமோனும் ஆளுநருக்கு விண்ணப்பித்தனர். தீவின் புதிய செல்வத்துக்கு அவரே காரணர் என எடுத்துரைத்தனர். தண்டனைக் காலம் முடியுமுன்னரே அவர் விடுவிக்கப்பட்டார்.

இதற்கிடையே, கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கும் எழுந்தது. சன் தெனியிலிருந்த அரசினர் பூந்தோட்டத்தின் தலைவரும் பெயர்பெற்ற தாவரவியலாளருமான ரிசார் என்பார், அம்முறையைத் தாமே முன்னர் 1838இல் தீவுக்கு வந்தபோது சிலருக்குக் காட்டியதாகவும், சிறுவன் அதைப் பார்த்தே செய்திருத்தல் வேண்டும் என்றும் கூறினார். கற்றறிந்த வெள்ளையர் ஒருவர் சொல்லையும் எழுத்தறியாத முன்னாள் அடிமையின் சொல்லையும் எடைபோட்டு, அக்காலத்தில் எவர் பக்கம் சாய்வர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பெலியே போமோன் முதுமையிலும் பேனாவை எடுத்தார். ரிசார் தம் நெடுநாள் நண்பர் என்றும், அவர் நினைவு பிழைபட்டது என்றும், முதன்முதல் செய்தவன் எட்மண்டே என்றும், தோட்டக்காரர் எல்லாரும் அவனை அழைத்தன்றோ கற்றனர் என்றும் எழுதினார். மாணாக்கன் கண்டதை ஆசிரியன் தன் பெயரிலே வெளியிடுதல் எந்நாட்டிலும் புதிதன்று. ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் இருந்த யாம் அதனை அறிவோம். இம்மனிதர் அவ்வாறு செய்யாமையை மதிக்கின்றோம். ஆயினும் தாம் மகன்போல் நேசித்ததாகச் சொல்லப்படும் பிள்ளையைப் பத்தொன்பது வயது வரையில் உடைமையாகவே வைத்திருந்தவரும் அவரே.

1863இல் அந்துவான் றூசேன் என்னும் ஓவியர் தீவைப் பற்றி வெளியிட்ட படத்தொகுதியில், எட்மண்ட் அல்பியுஸ் வனிலாக்கொடியைக் கையிற் பற்றி நிற்கும் உருவம் இடம்பெற்றது. அதனாற்றான் அவர் முகத்தை இன்று நாம் அறிகின்றோம்.

ஊர் திரும்பிய அவர் மணம் புரிந்து, தோட்ட வேலை செய்து வாழ்ந்தார். அடிமைகள் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு, அக்காலத்திலே புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பல் கப்பலாகச் சென்று இறங்கினர். சந்த் சூசானிலும் அதன் அயலூராகிய சாந்தாந்திரேயிலும் அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். மொழியைப் பெரிதும் இழந்துவிட்டனர். பாரதக் கதையையும் திரௌபதை வழிபாட்டையும் தீமிதிப்பையும் இழந்திலர். பாண்டிருப்பிலே தீப்பள்ளயம் கண்டவர் ஒருவர் அங்குச் சென்றால் நம்மூருக்கு வந்ததாகவே எண்ணுவார். அம்மக்களுட் சிலரேனும் அல்பியுஸைத் தெருவிலே கண்டிருத்தல் கூடும்.

அவருக்கு உதவித்தொகை வழங்குமாறு அரசினருக்கு விடுக்கப்பட்ட வேண்டுகோள்கள் பயனளிக்கவில்லை. 1880ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள், சந்த் சூசான் மருத்துவமனையிலே, வறியராய், ஐம்பத்தொரு வயதளவில் அவர் இறந்தார். இரண்டு கிழமைகளுக்குப் பின்னர் தீவின் நாளிதழ் ஒன்று அச்செய்தியைச் சில வரிகளில் வெளியிட்டது. தீவுக்குப் பெருஞ்செல்வம் தந்தவர் இரங்கத்தக்க முடிவெய்தினார் என்பது அதன் சாரம். அவர் நினைவாகச் சந்த் சூசானிலே சின்னம் எழுந்தது மறு நூற்றாண்டில். தோட்டக்காரர் மட்டும் அந்த விரலசைவை அவர் பெயராலேயே, எட்மண்டின் கைவினை என்று, வழங்கி வருகின்றனர்.

இலங்கையின் வறண்ட தாழ்நிலப் பற்றைக் காடுகளிலே இலையில்லாத காட்டு வனிலா ஒன்று இயற்கையாகவே படர்கின்றது. இந்நாட்டு ஓர்க்கிட்டுகளைத் தேடித் தொகுத்த வாக்கர் சீமாட்டியின் பெயரைத் தாவரநூலார் அதற்குச் சூட்டியுள்ளனர். அதன் காய்க்கு மணம் இல்லாமையால் வணிகர் எவரும் அதை நாடுவதில்லை. எம் கிணற்றடிக் கொடியோ இவ்வாண்டு மூன்று கொத்து அரும்பியுள்ளது. காலை பத்து மணிக்குள் வேலை முடிதல் வேண்டுமாகையால், ஈர்க்கைச் சீவி முதல்நாள் இரவே வைத்துவிடுகின்றோம்.